நூலும் குரலும்

நூல் என்றவுடன் கண்ணால் படிப்பது என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும், மனித குலம் நூலைக் கண்ணால் படித்த காலத்தினும் காதால் கேட்ட காலமே நெடிது. கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் சிற்றூரில் கிடைத்த பல்லவர் செப்பேடு ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பரமேசுவரவர்மன் காலத்தது அது. கோயில் பூசை முதலியவற்றுக்கு நிலம் ஒதுக்கிய அம்மன்னன், அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவர்க்கும் ஒரு பங்கு ஒதுக்கினான் என்று அச்செப்பேடு கூறுகிறது. விளக்குக்கு எண்ணெய் வேண்டுவது போலவே, நூலுக்குக் குரல் வேண்டும் என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர்.

அந்த வாசிப்பு இன்று வேறோர் உருவில் திரும்பி வந்திருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் கதையும் கட்டுரையும் ஒலிநூலாகக் காதில் விழுகின்றன. அதனுடன், 'இனிப் படிப்பதற்கு ஆளே வேண்டுவதில்லை; பொறியே படித்துவிடும்' என்ற பேச்சும் வந்திருக்கிறது. இப்பேச்சு எவ்வளவு தூரம் மெய்? பிறருக்காகப் படித்தவர்களுடைய வரலாற்றைச் சிறிது பார்த்தால் விடை கிடைக்கும்.

சுருட்டுத் தொழிலாளர் அமர்த்திய வாசகர்

கியூபா நாட்டின் தலைநகரான ஹவானா, சுருட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே தொழிலாளர் வரிசை வரிசையாக மேசைகளின் முன் அமர்ந்து, நாள் முழுதும் கையால் சுருட்டுச் சுற்றுவர். கைக்கு ஓய்வில்லை; காதுக்கோ வேலையில்லை. 1865ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், எல் பிகாரோ என்ற தொழிற்சாலையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. தொழிலாளருள் ஒருவர் எழுந்து உரக்கப் படித்தார். ஏனையோர் சுற்றிக்கொண்டே கேட்டனர். படித்த நேரத்துக்கு அவர் இழந்த கூலியை மற்றவர்கள் தங்கள் உழைப்பிலிருந்து ஈடு செய்தனர். வழக்கம் விரைவில் பல தொழிற்சாலைகளுக்கும் பரவியது.

எழுத்தறியாத தொழிலாளி, செய்தித்தாளையும் விக்டர் ஹியூகோ, டூமா ஆகியோரின் நாவல்களையும் அறிந்தவனானான். அறிந்தவன் கேள்வி கேட்பான் அல்லவா? மறு ஆண்டே, 1866இல், ஸ்பானிய ஆட்சி இவ்வாசிப்பைத் தடை செய்தது. தடை நிலைக்கவில்லை, வாசிப்பு மீண்டும் தலையெடுத்தது. கியூபாவினின்றும் கடல் கடந்து அமெரிக்காவின் டாம்பா நகருக்குக் குடிபெயர்ந்த தொழிலாளர், தங்கள் வாசகரையும் உடன் கொண்டுசென்றனர். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

அங்கே வாசகர் உயர்ந்த மேடை ஒன்றில் அமர்ந்து படிப்பார். ஒலிபெருக்கி இல்லாத நாளில், நூற்றுக்கணக்கானோர் நிறைந்த கூடத்தின் கோடி வரையில் அவர் குரல் எட்ட வேண்டும். அவரைத் தேர்ந்தவரும் தொழிலாளரே. அவருக்கு ஊதியம் தந்தவரும் தொழிலாளரே. அடுத்து எந்த நாவல் என்று வாக்கெடுத்துத் தீர்மானித்தவரும் அவர்களே. முதலாளிக்கு இதில் ஒரு காசுச் செலவும் இல்லை. ஆயினும், வாசகர்கள் புரட்சிக் கருத்துக்களைப் பரப்புகின்றனர் என்று குற்றஞ்சாட்டி, 1931இல் டாம்பா முதலாளிகள் வாசகர் மேடையை அகற்றினர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை. வாசகர் இருந்த இடத்தில் வானொலிப் பெட்டி வந்தது. வானொலியும் நன்றாகத்தான் பேசிற்று. ஆனால் தொழிலாளர் கேட்க விரும்பியதை அது பேசவில்லை. 'அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படியுங்கள்' என்றால் அதற்குக் காது கேட்கவில்லை.

கியூபாவிலோ வானொலி வந்தபின்னும் வாசகர் நீடித்தார். 2012ஆம் ஆண்டில் அந்நாட்டரசு இவ்வாசிப்பைத் தேசியப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. நம் நாட்டிலும், கேரளத்துக் கண்ணூர்ப் பகுதியில் பீடித் தொழிலாளர் தம்முள் ஒருவரைச் செய்தித்தாள் படிக்கச் சொல்லி, அவர் பங்குக்குரிய பீடியைத் தாங்கள் சுற்றிக் கொடுத்ததுண்டு. பசித்த வயிற்றுக்காரர் தம் கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்து ஒரு குரலை வாங்கினர் என்றால், அக்குரலின் மதிப்பை வேறு சான்று கொண்டு நிறுவ வேண்டுவதில்லை.

எடிசன் போட்ட பட்டியல்

1877இல் தாமஸ் ஆல்வா எடிசன், பேச்சைப் பதித்துத் திரும்ப ஒலிக்கும் பொறியைக் கண்டார். மறு ஆண்டு ஒரு சஞ்சிகையில் அதன் பயன்களை வரிசைப்படுத்தி எழுதினார். இசையை ஒலிப்பது அவ்வரிசையில் நான்காவது. அதற்கும் முன்னே, இரண்டாவதாக அவர் எழுதியது கண்ணிழந்தோர்க்குப் பேசும் புத்தகம் என்பதாகும்.

கனவு பெரிது, கருவியோ சிறிது. எடிசனின் வெள்ளீயத் தகடு ஓரிரு நிமிடப் பேச்சையே தாங்கும். பின்னர் வந்த இசைத்தட்டும் பக்கத்துக்கு நான்கு, ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஓடாது. நடுத்தர அளவுள்ள ஒரு நாவலை உரக்கப் படிக்கப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 600 நிமிடங்கள், பக்கத்துக்கு நான்கு நிமிடமாயின் 150 பக்கங்கள், அதாவது 75 தட்டுகள்! ஒரு நாவலைத் தூக்கிவர ஒரு கூலியாள் வேண்டும். ஆகவே எடிசனின் கனவு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்தது.

கேட்க முடியாதவர் செய்த உதவி

முதல் உலகப் போர், பார்வையிழந்த இளைஞர் பலரை வீட்டுக்கு அனுப்பியது. பிறவியிலேயே பார்வையற்றோர் இளமையில் பிரெயில் எழுத்தைக் கற்றுக்கொள்வர். வயது வந்தபின் பார்வை இழந்தோர்க்குப் புள்ளிகளை விரலால் தடவிப் படிப்பது அரிது. இவர்களுக்கு நூல் எவ்வாறு எட்டும்?

அமெரிக்காவில் இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் ராபர்ட் இர்வின். ஐந்து வயதில் பார்வையிழந்தவர். பார்வையற்றோருக்கான அமெரிக்க அறநிலையத்தின் தலைமைப் பணியில் இருந்தவர். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்று வீதம் மெல்லச் சுழன்று, பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் ஓடும் தட்டு அவ்வறநிலையத்தின் முயற்சியால் உருவாயிற்று. சரியாகச் சொன்னால் முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும். வாசிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தின் ஆதரவில் 1934இல் முதல் பேசும் புத்தகங்கள் வெளிவந்தன. விவிலியப் பகுதிகள், ஷேக்ஸ்பியர் நாடகங்கள், உட்ஹவுஸின் நகைச்சுவைக் கதைகள் ஆகியவை அவற்றுள் சில. இதே நீண்ட நேரத் தட்டு இசைப் பிரியர்களுக்காகக் கடைக்கு வந்தது 1948இல்தான். பார்வையற்றோர் அதைப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டனர்.

இங்கே ஹெலன் கெல்லர் அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்வையும் செவியும் ஒருங்கே இழந்தும் உலகப் புகழ் பெற்றவர் அவர். 1933இல் பேசும் புத்தகத்துக்கு நிதி திரட்ட அவரை அழைத்தபோது அவர் இணங்கவில்லை. கோடிக்கணக்கானோர் வேலையின்றித் தவிக்கும் பஞ்ச காலத்தில் இது ஓர் ஆடம்பரம் என்று கருதினார். பின்னர் அவர் கருத்து மாறியது. 1935இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்டின் அரசு, வேலையற்றோர்க்கு வேலை தரும் திட்டத்தின் கீழேயே பேசும் புத்தகப் பொறிகளைச் செய்யப் பணம் ஒதுக்கிற்று. அதற்காகப் பரிந்து பேசியவர்களுள் கெல்லரும் ஒருவர். அவர் கூறிய தடையே ஒரு வழியாக அமைந்துவிட்டது. தாம் ஒரு நாளும் கேட்க முடியாத நூல்களைப் பிறர் கேட்க வேண்டும் என்று அவர் வாதாடினார் என்பதை நினைக்கும்போது உள்ளம் நெகிழ்கிறது.

அதே 1935இல் பிரிட்டனிலும் பேசும் புத்தக நூலகம் தொடங்கியது. 1916ஆம் ஆண்டுப் போரில் பதினெட்டு வயதில் பார்வையிழந்த இயன் பிரேசர் என்பவர் அதற்குப் பெரிதும் பாடுபட்டார். முதலில் வந்த நூல்களுள் ஒன்று ஜோசப் கான்ராடின் கடற்கதை. மற்றொன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல்.

எவ்வாறு படிப்பது?

தட்டும் பொறியும் கிடைத்தபின்னரே மெய்யான கேள்வி எழுந்தது: எவ்வாறு படிக்க வேண்டும்? நாடகம் போல் நடித்துப் படிக்க வேண்டுமா, நடுநிலையான குரலில் படிக்க வேண்டுமா? கேட்டவர்களிடையே கருத்து வேற்றுமை இருந்தது. 'மிகையாக நடித்தால் எங்களுக்கும் ஆசிரியருக்கும் இடையில் ஒருவர் வந்து நிற்பது போல் இருக்கிறது' என்போர் ஒரு சாரார். 'உணர்ச்சியின்றிப் படித்தால் உறக்கம் வருகிறது' என்போர் மற்றொரு சாரார். இரண்டும் நியாயமே.

நல்ல வாசகர் இவ்விரண்டுக்கும் நடுவே வழி கண்டார். துப்பறியும் நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். நூல் முழுவதையும் முன்னரே படித்துவிட்டுத்தான் அவர் ஒலிவாங்கியின் முன் அமர்கிறார். கொலையாளி யார் என்று அவருக்குத் தெரியும். அவர் குரலுக்குத் தெரியக் கூடாது. கொலையாளி பேசும் இடத்தில் குரல் சற்றே கறுத்தாலும் கதை கெட்டது. எல்லாம் அறிந்தும் அறியாதார் போல, கேட்பவருடன் கூடவே நடந்து செல்வது எளிய வேலையன்று. ஊர்ப் பெயர், ஆட்பெயர்களின் உச்சரிப்பை முன்னரே விசாரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். காந்த நாடா வருவதற்கு முன்பு ஒலியை நேரே தட்டில் பதித்தனர். பதினான்காவது நிமிடத்தில் நாப் பிசகினால், அந்தப் பக்கம் முழுவதையும் மீண்டும் படிக்க வேண்டியதுதான்.

அலெக்சாண்டர் ஸ்கூர்பி என்பவர் இக்கலையில் பெயர் பெற்றவர். கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்த நாடக நடிகர். 1937இல் பார்வையற்றோர்க்காகப் படிக்கத் தொடங்கி, 1985இல் மறையும் வரையில் 400க்கு மேற்பட்ட நூல்களைப் பதிந்து வைத்தார். விவிலியம் முழுவதையும், டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' என்னும் பெருநாவலையும் படித்தவர் அவர். திரைப்படத்தில் அவர் முகத்தைக் கண்டவர்கள் மறந்திருக்கலாம். அவர் குரலைத் துணையாகக் கொண்டு இரவுகளைக் கழித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1952இல் நியூயார்க்கில் இருபத்திரண்டு வயதுப் பெண்கள் இருவர், கேட்மன் என்ற பெயரில் ஓர் ஒலித்தட்டு நிறுவனம் கண்டனர். கவிஞர்கள் தம் கவிதைகளைத் தாமே படிக்கக் கேட்டுப் பதிவதே அவர்கள் நோக்கம். முதலில் பதிந்தது டிலன் தாமஸ் என்னும் வேல்சு நாட்டுக் கவிஞரின் குரல். மறு ஆண்டே அவர் 39ஆம் வயதில் காலமானார். அவ்விரு பெண்களும் ஓராண்டு தாமதித்திருந்தால் உலகுக்கு அவர் குரல் இந்த அளவில் கிடைத்திராது. பார்வையற்றோர்க்கென்று பிறந்த ஒலிநூல், இவர்கள் முயற்சியால் பார்வையுள்ளோர் வீட்டிலும் நுழைந்தது.

பொறி படிக்கும் காலம்

1976இல் ரே கர்ஸ்வைல் என்ற அமெரிக்கர், அச்சிட்ட தாளைத் தானே பார்த்துத் தானே உரக்கப் படிக்கும் பொறியை வெளியிட்டார். இதன் பெருமையைக் குறைத்துச் சொல்வது அறமாகாது. பார்வையற்ற ஒருவர், தமக்கு வந்த கடிதத்தை அயலாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டிய நிலையிலிருந்து விடுபட்டார். கடிதத்தில் கடன் செய்தியும் இருக்கும். குடும்பச் செய்தியும் இருக்கும். அவற்றை வேறு எவரும் அறியாமல் கேட்பது ஒரு சுதந்தரம். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் நள்ளிரவிலும் பாடத்தைக் கேட்கலாம். வேண்டிய வேகத்தில் ஓட்டலாம். பத்து முறை திருப்பலாம். பொறி அலுத்துக்கொள்ளாது.

பொறி படிப்பதன் இயல்பை இரயில்வே ஊழியர்களாகிய நாம் நன்கு அறிவோம். நம் நிலையங்களில் வண்டி வரவை அறிவிக்கும் குரல், ஒரு பெண்மணி எப்போதோ பேசிய எண்களையும் ஊர்ப் பெயர்களையும் துண்டு துண்டாக ஒட்டி ஒலிப்பதாகும். வண்டி எண்ணையும் நடைமேடை எண்ணையும் பிழையின்றிச் சொல்ல அது போதும். ஆனால் வண்டி நான்கு மணி தாமதம் என்பதையும் அது அதே இனிமையுடன்தான் சொல்கிறது! தாய் நோயுற்றாள் என்ற செய்தி கேட்டு ஓடுகிறவனுக்கும், திருமணத்துக்குப் போகிறவனுக்கும் அக்குரலில் வேற்றுமை இல்லை. அறிவிப்புக்கு அது குற்றமன்று. கதைக்கு அது போதாது.

இக்காலக் கணிப்பொறி இதனினும் வெகுதூரம் முன்னேறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதக் குரலோ என்று மயங்கும்படி அது படிக்கிறது. 2023இல் ஆப்பிள் நிறுவனம் கணிப்பொறிக் குரலில் படிக்கப்பட்ட ஆங்கில நூல்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தமிழையும் கணிப்பொறி படிக்கிறது. தமிழ் எழுத்தில் 'பாவம்' என்று எழுதினால் அது தீவினையாகவும் இருக்கலாம். நாட்டியத்தின் மெய்ப்பாடாகவும் இருக்கலாம். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. இத்தகைய இடங்களில் இடறி வந்த பொறி இன்று பலவற்றைச் சரியாகச் சொல்லக் கற்றுவிட்டது, மேலும் கற்கும்.

ஆனால் 'வாருங்கள்' என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். நெடுநாள் காணாத தமக்கையை வரவேற்பதும் அச்சொல்லே. கடன் கொடுத்தவர் வாயிலில் வந்து நிற்கும்போது சொல்வதும் அச்சொல்லே. பின்னதில், வாய் வாருங்கள் என்னும். நெஞ்சு போங்கள் என்னும். எழுதியவர் அதைச் சொல்லாமல் விட்டிருப்பார். கடன்பட்டு நின்றவர், அல்லது நின்றவரைக் கண்டவர், அவ்வொரு சொல்லைப் படிக்கும் விதமே தனி. வாசகர் தம் வாழ்நாளில் பட்டதையெல்லாம் அதற்குள் வைத்துப் படிக்கிறார். படித்தது தவறென்றால், 'ஏன் இப்படிப் படித்தீர்கள்?' என்று அவரைக் கேட்கலாம். அவர் காரணம் சொல்வார், அல்லது வெட்கப்படுவார். படிப்புக்குப் பொறுப்பேற்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே மனிதக் குரலின் முதல் மதிப்பு.

குரல் கொடுப்பவர்க்கு ஊதியம் தர வேண்டும். பொறிக்குச் செலவு சொற்பம். ஆகவே கேட்போர் தொகை குறைந்த மொழிகளுக்கு மனித வாசகர் கிடைப்பது அரிதாகி, பொறிக் குரலே பங்காக வந்து சேரும் என்று அஞ்ச இடமுண்டு. எக்குரலும் இல்லாததற்குப் பொறிக் குரல் மேல் என்பது உண்மையே. ஆனால் நாமே வாயை மூடிக்கொண்டு, பொறி படிக்கட்டும் என்று இருந்துவிட்டால் குற்றம் பொறியினுடையதன்று.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாறு நம் காலனிக்கு எவ்வாறு பொருந்தும் என்று அன்பர்கள் கேட்கலாம். மிக நெருக்கமாகப் பொருந்தும். நம் குழந்தைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தமிழெழுத்து அறிந்தோர் அவர்களுள் சிலரே. செவி திறந்திருக்கிறது, கண்ணுக்குத்தான் எழுத்துத் தெரியவில்லை. ஹவானாத் தொழிலாளியின் நிலையும் இதுவே அன்றோ? அவர்களுக்குத் தமிழ் இலக்கியம் எட்டுமாயின் குரல் வழியாகவே எட்டும். மறுபுறம், கண்ணில் புரை விழுந்து, ஆயுள் முழுதும் படித்த வார இதழை எடுத்து வைத்துவிட்ட பெரியோரும் நம்மிடையே உள்ளனர்.

கல்கியின் பெருநாவல்களைப் பம்பாய் கண்ணன் அவர்கள் பல குரல்கள் கொண்டு ஒலிநூலாக்கித் தந்திருக்கிறார். அவற்றை நம் சங்க நூலகம் வாங்கி வைக்கலாம். அதனினும் மேலாக, நாமே படிக்கலாம். சட்டமும் இதற்கு இடம் தருகிறது. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு கடந்தபின் அவர் வாழ்நாளில் வெளிவந்த நூல்கள் பொதுவுடைமை. பாரதியாரும் புதுமைப்பித்தனும் கல்கியும் இவ்வாறு நமக்கு உரியவர்களே. பார்வையற்றோர்க்காகப் பிற நூல்களையும் ஒலிவடிவில் ஆக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழி செய்தது. 2013இல் மராகேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கையை முதன்முதல் உறுதிசெய்த நாடும் நம் பாரதமே.

ஞாயிறுதோறும் மாலையில் அரை மணி நேரம் சங்கக் கூடத்தில் ஒருவர் படிக்கட்டும். புதுமைப்பித்தனின் நெல்லைக் கதையை நெல்லைச் சீமையில் பிறந்த பாட்டியார் படிக்கட்டும். கண் தெரியாவிட்டால் பேரன் ஒருவன் வரி எடுத்துக் கொடுக்க அவர் சொல்லட்டும். தஞ்சாவூர்ப் பேச்சு, கோயமுத்தூர்ப் பேச்சு, மதுரைப் பேச்சு எல்லாம் இக்காலனியின் நான்கு தெருவுக்குள் இருக்கின்றன. இவற்றைக் கைப்பேசியில் பதிந்து வைக்கக் கல்லூரி செல்லும் நம் இளைஞர்களுக்கு ஒரு நிமிடம் போதும். பெரியோர் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின்னும், அவர்கள் காலம் முடிந்த பின்னும், அக்குரல்கள் இங்கே இருக்கும். நயமான குரல் வேண்டும் என்று எவரும் தயங்க வேண்டா. பொருளறிந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திப் படித்தால் அதுவே நயம்.

இத்தொண்டை இவ்வாண்டே தொடங்கச் சங்கச் செயற்குழுவினர் ஆவன செய்வார்களாக. அதுவரை காத்திராமல், இம்மலரிலுள்ள கட்டுரைகளை வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, சமையலறையில் இருப்போரும் கூடத்தில் இருப்போரும் கேட்கலாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!